பூங்காவில் எடுக்கும் திருமணப் படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அண்மையில் என் மகளின் திருமணத்தையொட்டிப் பினாங்கின் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் எடுத்த படங்கள் கைக்கு வந்தபோது, குடும்பமே மனம் நொந்துபோனோம். 1884-இல் உருவான அந்தப் பழம்பெரும் பூங்காவுக்குப் படமெடுக்கச் செல்லும் மற்ற குடும்பங்களுக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982-இல் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டதால், பினாங்கில் வெயில் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான். அந்த வெயிலில் நெற்றிச்சுட்டியின் நிழல் மூக்குவரை இறங்கி, கண்கள் இரண்டும் குழிவிழுந்ததுபோல் தெரிந்தன. மரத்தடிக்குப் போனாலோ, இலைகளை ஊடுருவி வந்த ஒளியும் புல்தரையில் பட்டு எழும்பிய ஒளியும் சேர்ந்து முகத்தில் பச்சை பூசிவிட்டன. அந்தப் பச்சையைப் போக்குகிறேன் என்று புகைப்படக்காரர் கணினியில் முகத்தை வெளுப்பாக்கியதில் என் மகளின் மாநிறமே காணாமற்போயிற்று. எனக்குப் பெருத்த வருத்தம் இதுதான்.

காலை எட்டரைக்கு முன்போ மாலை ஐந்தரைக்குப் பின்போ சென்று, நிழல் முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்பில், திறந்த வானத்தைப் பார்த்தவாறு மணமக்களை நிற்கவைத்தால் முகம் இயல்பான நிறத்தில் தெளியும். சேலையும் அரக்கு, மாம்பழ மஞ்சள் என்றிருந்தால் பச்சைச் சூழலில் எடுபடும்.

அங்குள்ள நாகலிங்க மரத்தில் பூக்கள் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகத் தொங்கும். பூவும் முகமும் அருகருகே ஒரே உயரத்தில் அமையும் வாய்ப்பு எளிதில் கிடைக்குமா? எங்கள் படங்களிலோ பின்புலம் முழுவதும் பச்சைக் கூழாக மங்கி, எந்த ஊர்ப் பூங்கா என்றே தெரியவில்லை. கேமராவில் ஒளி நுழையும் துளையான அபெர்ச்சரை எஃப் 8 அளவுக்குச் சுருக்கியிருந்தால் மரமும் மனிதரும் ஒருசேரத் துலங்கியிருப்பார்கள். மரத்தருகே மகளை நிறுத்துவதை விட்டு, புகைப்படக்காரரின் உதவியாளர் ஒரு பூவைப் பறித்து அவள் கையில் திணித்தார். சிவனுக்கு உகந்த அந்தப் பூவைப் பறிக்கும்போது தடுக்காமல் நின்றேனே என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

தை மாத முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன், அனுபவமுள்ள நம் புகைப்படக் கலைஞர்களைக் கொண்டு இதுபற்றி ஞாயிறு பதிப்பில் விரிவாக எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு