சாட்சியில் நண்பர்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்துச் சபைகளில், பணி ஓய்வு பெறுகிறவர்களும் எழுபது வயது நிறைந்தவர்களும் தேவனுக்கு நன்றி செலுத்தும் ஸ்தோத்திர ஆராதனை ஏற்பாடு செய்து, தேவன் தங்களை நடத்திவந்த விதத்தைச் சபையார்முன் சாட்சியாகச் சொல்லும் நல்ல வழக்கம் உண்டு. அண்மைக்காலமாக நான் கேட்கும் சாட்சிகள் பெரும்பாலும் வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு, அவர்களுடைய வெளிநாட்டு வாழ்க்கை என்ற வரிசையிலேயே அமைகின்றன. இவை யாவும் தேவன் தந்த நன்மைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், வாழ்க்கையின் திருப்பங்களில் நம்மோடு நின்று, நாம் எடுத்த முடிவுக்குக் காரணமாகவோ துணையாகவோ இருந்த நண்பர்களைப் பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இடம்பெறாதது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. தேவன் ஒருவரைத் தம் பணிக்கு அழைக்கும் அழைப்பு என்பது தனித்திருந்து ஜெபிக்கும் ஒருவருக்கு மட்டுமே கிடைப்பதுபோல நாம் பேசிவருகிறோம். நம்மில் பலருக்கு அது ஒரு நண்பரின் வாய்வழியாகவே வந்தது.

நம் மண்ணின் வரலாறே இதற்குச் சான்று கூறும். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. சா. அசரியாவை, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று நாம் பெருமையோடு குறிப்பிடுகிறோம். அவர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலராக ஊர் ஊராகச் சென்ற நாள்களில், 1896-இல் இந்தியாவுக்கு வந்து தமிழ் கற்றுக்கொண்ட ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் அவருக்கு உற்ற நண்பரானார் என்பதையும், இருவரும் சேர்ந்து பயணம் செய்து, சேர்ந்து ஜெபித்து வளர்ந்தார்கள் என்பதையும் நாம் எடுத்துச் சொல்வதே இல்லை. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி ஊழியரை அனுப்புவதைக் கண்டு எழுச்சி பெற்றார். அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. 1909-இல் அவர் தம் பதவியைத் துறந்து, தெலுங்கு பேசும் மக்களிடையே ஊழியம் செய்ய, ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதியாக இருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். மறு ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் ஏழைகளுக்காகத் தங்கள் உடைமைகளையும் உடலையும்கூடக் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, தாங்கள் அன்பையும் கேட்பதாகவும், தங்களுக்கு நண்பர்களைத் தரும்படியும் அவர் வேண்டினார். வெள்ளையர் நிறைந்த அவையில் இதைக் கேட்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? சமமாக மதிக்கும் ஒரு நண்பரின் அன்பை ஏற்கெனவே அனுபவித்திருந்ததாலேயே அது வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய மருத்துவர்கள் சவரிராயன் இயேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் என் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானவர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, சுற்றுவட்டார மக்களால் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டார்கள். 1932-இல், அந்நியத் துணி மறியல் நடந்த நாள்களில், சின்னண்ணனான பேட்டனைச் சென்னையில் காவலர்கள் தடியால் அடித்தார்கள். தம் இனத்தவரின் ஆட்சியிலேயே அவருக்கு அந்த அடி விழுந்தது. இந்த இருவரில் ஒருவர் வாழ்க்கையை மற்றவரை விட்டுவிட்டு யாராலும் எழுத முடியாது.

எளியவர்களான எங்கள் வாழ்க்கையிலும் இப்படித்தான் நடந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் என்னோடு படித்து, எங்கள் ஜெபக்குழுவிலும் இருந்த நண்பர் ஒருவர், அரசு வேலைக்கான உத்தரவு கையில் கிடைத்த பிறகும் அதை விட்டுவிட்டு, 1980-களில், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ராஜ்மகால் மலைகளில் வாழும் மால்டோ மக்களிடையே ஊழியம் செய்யப் புறப்பட்டார். மலேரியாவுக்குப் பெயர்போன பகுதி அது. அவர் அங்கே நிலைத்திருக்க முடிந்ததற்கு மேலப்பாளையத்தைச் சேர்ந்த எங்கள் இஸ்லாமிய வகுப்புத் தோழரே பெருங்காரணம். ஊரில் தனித்திருந்த ஊழியரின் பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும், அவருடைய தந்தை இறந்தபோது மகன் வந்து சேரும்வரை ஆகவேண்டிய காரியங்களையெல்லாம் முன்நின்று பார்த்தவரும் அவரே. தம் மார்க்கம் கற்பித்த கடமையைச் செய்ததாகவே அவர் கூறுவார்; என் விசுவாசத்தின்படி அதில் தேவனுடைய கரத்தைக் காண்கிறேன். நானோ, நோயுற்ற தந்தையையும் மணமாகாத தங்கைகளையும் முன்னிட்டு, உள்ளூர்ப் பள்ளியிலேயே ஆசிரியப் பணியை ஏற்றேன். அதுவும் அழைப்புதான் என்று எனக்கு எடுத்துச் சொன்னவர் மலைக்குப் போன அந்த நண்பரே.

பழைய நண்பர்கள் முதுமையில் மீண்டும் கூடும்போது, யார் எதைத் தேர்ந்தார், யார் எவ்வளவு பெற்றார் என்று ஒப்பிடும் எண்ணம் எழுவது இயல்பு. பேதுருவுக்கே அது எழுந்தது. திபேரியாக் கடற்கரையில் யோவானைக் காட்டி, “ஆண்டவரே, இவன் காரியம் என்ன?” என்று அவர் கேட்டபோது, “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்றே ஆண்டவர் மறுமொழி சொன்னார். இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் மலைக்குப் போனவரும், ஊரில் தங்கியவரும், வளைகுடா நாட்டில் உழைத்துத் தம்பிமாரைப் படிக்கவைத்தவரும் ஒரே வரிசையில் அமர முடியும் என்ற ஆறுதல் எனக்குக் கிடைக்கிறது. இடையில் முறிந்த நட்புகளுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. மாற்குவின் பொருட்டுப் பர்னபாவோடு கடுமையாக வாதாடிப் பிரிந்த பவுல், தம் முடிவு நெருங்கிய காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரும்படியும், ஊழியத்தில் அவர் தமக்குப் பயனுள்ளவர் என்றும் சொல்கிறார். மனத்தாங்கலால் பேச்சு நின்றுபோன நண்பர் உள்ளவர்கள் இந்த வரிகளைச் சற்று நின்று வாசிக்க வேண்டுகிறேன்.

ஆகவே, பல சபைகள் அடங்கிய சேகரங்களை நடத்தும் சேகரகுருமார்களுக்கும் சபை மன்றத்தாருக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஸ்தோத்திர ஆராதனைகளில் சாட்சி சொல்பவர்களிடம், தங்களை வழிநடத்திய நண்பர்களை, அவர்கள் எந்தச் சாதியினராகவும் எந்த மதத்தினராகவும் இருந்தாலும், சபையார் அறியச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நண்பர்கள் உயிரோடிருந்தால், அவர்களையும் அன்றைய ஆராதனைக்கும் விருந்துக்கும் அழையுங்கள். வடமாநிலங்களிலிருந்து திரும்பி வந்து, நம் ஊர்களில் வெளியே தெரியாமல் முதுமையைக் கழிக்கும் ஊழியர்களின் நினைவுகளை, அவர்களைத் தாங்கிய நண்பர்களின் பெயர்களோடு சேகரத்துக்குச் சேகரம் எழுதிவைக்கும் பொறுப்பை வாலிபர் ஐக்கியங்களிடம் ஒப்படைக்கலாம். அவர்களுள் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள் என்பதால், இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு முன்பாகவே அதைத் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாளையங்கோட்டை.