என்னைப் பார்த்துப் பேசியவர்களுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா இறந்த பிறகு நிலுவையில் இருந்த காத்தா (சொத்துவரிக்காக மாநகராட்சி வைத்திருக்கும் சொத்துக் கணக்கு) மாற்றம் முடிந்துவிட்டது. வீடு இப்போது மாநகராட்சிப் பதிவேட்டில் என் பெயரில் இருக்கிறது. பெங்களூரில் சொந்த வீடு உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டை விற்க வேண்டும், அதன் மேல் கடன் வாங்க வேண்டும் என்றால் முதலில் காத்தாவைத்தான் கேட்பார்கள். அந்த வேலையை நானே போய், நானே பேசி முடித்தேன். அதற்கு வழி செய்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆறாம் வகுப்பு படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. தமிழ் பேசுவேன். எதிரில் இருப்பவர் தமிழில் பேசினால் உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வேன். ஓரளவுதான், ஏனென்றால் 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றாகத்தான் தெரியும். 'க' வாய்க்குள்ளேயே முடிந்துவிடும். கன்னடம் பள்ளியில் படித்ததால் எழுத்தில் நன்றாக வாசிப்பேன், உதட்டில் பிடிபடாது. பெரியவளான பிறகு சைகை மொழி கற்றுக்கொண்டேன். ஆக, எழுதிக் காட்டினால் போதும், அல்லது சைகை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். எனக்குத் தேவை அவ்வளவுதான்.

எங்கள் பகுதி மாநகராட்சி அலுவலகத்தில் அந்த இரண்டும் இல்லை. டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடுவார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வேலை முடிந்து போவார்கள், நான் உட்கார்ந்திருப்பேன். கவுண்டருக்குப் போனால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். கடைசியில் ஒருவர் ஒரு துண்டுத் தாளில், 'காது கேட்கிற யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்று எழுதிக் கொடுத்தார். வீடு என்னுடையது, கையெழுத்து போட வேண்டியவள் நான். எனக்குப் பதிலாக வேறு ஒருவர் பேச வேண்டும் என்பது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

அதனால் முதல் நன்றி என் தம்பிக்கு. அவன் வண்டி ஓட்டுகிறவன், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அப்படியும் என்னுடன் வந்தான். அலுவலகத்தில் எல்லாரும் அவனிடம்தான் பேச ஆரம்பித்தார்கள். அவனோ, "அவரன்னே கேளி ஸார்" (அவரையே கேளுங்கள் சார்) என்று கன்னடத்தில் சொல்லி என் பக்கம் கையைக் காட்டிவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். 'உன் தம்பி பேசினால் அஞ்சு நிமிஷத்தில் முடியுமே' என்று உறவில் பலர் சொன்னார்கள். முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் அடுத்த வருஷமும் நான் அவனைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும். எனக்காகப் பேசாமல் இருந்ததுதான் அவன் செய்த பெரிய உதவி. உனக்கு என் நன்றி, தம்பி.

அப்புறம், சக்கர நாற்காலியில் வரும் எங்கள் தெரு அண்ணன். படியேற முடியாத ஒரு அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, அதிகாரியையே கீழ்த்தளத்துக்கு வந்து மனுவை வாங்க வைத்தவர் அவர். சாய்தளம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டபோது, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி பின்னால் சரியும் என்று அளவோடு எழுதிக் கொடுத்தவர். அவர் எனக்குச் சொன்னது: "தங்கச்சி, கெஞ்சாதே, சண்டையும் போடாதே. என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடு." 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைப் பற்றி அவரிடம்தான் முதலில் தெரிந்துகொண்டேன். நமக்கு மற்றவர்களைப் போலவே சேவை கிடைக்க, அலுவலகம் தன் நடைமுறையில் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். அதை மறுப்பதையே பாகுபாடு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பெரிய எழுத்து, பிரெயில், சைகை, எழுத்தில் காட்டுவது எல்லாமே அதில் தகவல்தொடர்பு முறைகளாகக் கணக்கில் வருகின்றன. எனக்கு இது பெரிய தெம்பு.

விண்ணப்பத்தைக் கன்னடத்தில் எழுதித் தந்த டீச்சரம்மாவுக்கு நன்றி. ஓய்வுபெற்ற பிறகும் நாள் தவறாமல் அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு வருகிறவர். அங்கேதான் உட்கார்ந்து எழுதினோம். நான் தமிழில் என் மனக்குறையெல்லாம் கொட்டி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதை வாசித்துக் கண் கலங்கினார், ஆனால் ஒரு பக்கத்துக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்று சுருக்கிவிட்டார். டோக்கன் எண்ணை எழுத்தில் காட்டுங்கள். கேள்விகளை எழுதிக் கேளுங்கள். ஆவணம் சரிபார்க்கும் நாளில் சைகை மொழிபெயர்ப்பாளருக்கு இடம் கொடுங்கள். இவ்வளவே கேட்டோம். கூடவே, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையான என் யூ.டி.ஐ.டி. அட்டையின் நகல். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம் என்ற வரியையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். "முதல் கடிதத்திலேயே வேண்டாம்மா, அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடு" என்றார். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நகலில் தேதியோடு சீல் வாங்காமல் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதும் அவர்தான்.

தபால் பிரிவில் இருந்த ஊழியர் அம்மாவுக்கு நன்றி. கடிதத்தை முழுக்கப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான். படித்து முடித்ததும் வாயைத் திறக்கவில்லை, பேனாவை எடுத்தீர்கள். பழைய படிவத்தின் பின்பக்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும், என்றைக்கு வர வேண்டும், வம்சவிருட்சமும் (வாரிசுகளைக் காட்டும் குடும்ப மரச் சான்று) இறப்புச் சான்றும் எத்தனை நகல் என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அந்தத் தாளை நான் வைத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளராக வந்த தங்கைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? உன் அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது, சைகைதான் உன் தாய்மொழி. உள்ளே போனதும் நாற்காலியை அதிகாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாய், அவர் முகமும் உன் கையும் ஒரே பார்வையில் எனக்குத் தெரியட்டும் என்று. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும் என்று அவரையும் கொஞ்சம் நகரச் சொன்னாய். அவர் உன்னைப் பார்த்து, "அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டபோது, "அவரைப் பார்த்தே கேளுங்கள் சார். நான் 'நான்' என்று சொன்னால் அது அவர்தான்" என்றாய். அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சே மாறிவிட்டது. அப்பாவைப் பற்றிக் கேட்டார், பழைய வரி ரசீதுகளைப் பற்றிக் கேட்டார், நான் பதில் சொன்னேன். அலுவலகத்தில் ஒரு அதிகாரி என் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் பேசியது எனக்கு அதுவே முதல் தடவை.

2023 செப்டம்பரில் நம் பெங்களூரைச் சேர்ந்த காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளருடன் உச்ச நீதிமன்ற விசாரணையில் கலந்துகொண்டார். அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நடக்கிற காரியம் நம் பகுதி அலுவலகத்தில் ஏன் நடக்காது என்று அன்றைக்குத் தோன்றியதுதான் இதற்கெல்லாம் தொடக்கம். அவருக்கும் இந்த மடலில் நன்றி.

அதிகாரி ஐயா, உங்களுக்கும் மனமார்ந்த நன்றி. என் வேலை முடிந்ததோடு நீங்கள் நிறுத்தவில்லை. கவுண்டர் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து டோக்கன் எண்ணை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். போன முறை நான் வந்தபோது வயதானவர்கள் பலர் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் எழுந்து போனார்கள். கூட்ட இரைச்சலில் அவர்களுக்கும் எண் கேட்பதில்லை போலிருக்கிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. அறிவிப்புப் பலகையிலும் ரசீதிலும் 'சந்தேகங்களுக்கு அழைக்கவும்' என்று போன் எண் மட்டும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் எண் ஒன்றையும் போட்டுத் தரும்படி இன்னொரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதையும் செய்து தருவீர்கள் என்று நம்புகிறேன்.

டீச்சரம்மா எழுதிய கன்னடக் கடிதத்தையும் அதன் தமிழ் வடிவத்தையும் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். பெயரையும் தேவையையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். காது கேளாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள் யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் நகல் கொடுப்பதாகக் கடைக்கார அண்ணன் சொல்லியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

அன்புடன்,
உங்கள் தெருப் பெண்