ரிக்கெல்மேவுக்கு ஒரு கடிதம்: பெர்லினின் 72-வது நிமிடம்

அன்புள்ள ரோமான்,

அர்ஜென்டினா கால்பந்து வீரரான உங்கள் பெயரை எடுத்தாலே பலருக்கு 2006 ஏப்ரல் 25 தான் ஞாபகம் வருகிறது. நீங்கள் ஆடிய ஸ்பெயின் கிளப் வில்லாரியலின் மைதானம், ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நீங்கள் அடித்த ஒரு பெனால்டி, அதைத் தடுத்துவிட்ட ஆர்சனல் கோல்கீப்பர் லேமன். அந்த ஒரு உதையை வைத்து உங்கள் பதினெட்டு வருட ஆட்டத்தை எடைபோடுகிறார்கள். அது அநியாயம்.

சுமார் ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஊரின் அணி வில்லாரியல். சாம்பியன்ஸ் லீகில் அதுதான் அவர்களுக்கு முதல் தடவை. மான்செஸ்டர் யுனைடெட் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தார்கள், காலிறுதியில் இன்டர் மிலானை வெளியேற்றினார்கள். பயிற்சியாளர் பெல்லெக்ரினி உங்களை நடுவில் நிறுத்தி, பந்து உங்கள் வழியாகவே போகட்டும் என்று விட்டார். அதற்கு முன் பார்சிலோனாவில் வான் கால் உங்களை ஓரத்தில் ஆட வைத்துப் பார்த்தார். அங்கே நீங்கள் பாதி ஆளாகத்தான் தெரிந்தீர்கள்.

என்னை இன்னும் உறுத்துவது அந்தப் பெனால்டி இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 30 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் காலிறுதி. நீங்கள் அடித்த கார்னரில் சக அர்ஜென்டினா வீரர் அயாலா தலையால் முட்டி கோல் போட்டார். ஜெர்மனிக்கு எதிராக, அவர்கள் மண்ணில், 1-0 முன்னிலை. 72-வது நிமிடத்தில் அர்ஜென்டினா பயிற்சியாளர் பெக்கர்மேன் உங்களை வெளியே அழைத்து காம்பியாஸோவை இறக்கினார். முன்னிலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார், புரிகிறது. ஆனால் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த உங்களைவிடத் தேர்ந்தவர் அந்த மைதானத்தில் யார் இருந்தார்? 80-வது நிமிடத்தில் ஜெர்மனியின் குளோஸே சமன் செய்தார். அப்புறம் பெனால்டி ஷூட்அவுட்டில் எல்லாம் போயிற்று. 1997-ல் மலேசியாவில் இளையோர் உலகக் கோப்பையை உங்களோடு சேர்ந்து வென்ற அதே பெக்கர்மேன் என்பதால் கூடுதலாக வலிக்கிறது.

மெதுவான ஆள் என்றார்கள். ஓடுவதில் மெதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 2000-ல் டோக்கியோவில், உங்கள் அர்ஜென்டினா கிளப் பொகா ஜூனியர்ஸுக்காக, ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக உங்கள் பாதியிலிருந்து பலெர்மோவுக்கு அனுப்பினீர்களே ஒரு நீளமான பாஸ், அதை மெதுவான மூளை யோசித்திருக்குமா? ஆறே நிமிடத்தில் பொகா 2-0. மீதி நேரத்தில் உங்கள் காலிலிருந்து பந்தைப் பிடுங்க மாட்ரிட் வீரர்கள் பட்ட பாட்டை இன்று பார்த்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதே வருடம் தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பையின் காலிறுதியில், பொகாவின் பரம எதிரியான ரிவர் பிளேட்டின் யெப்பஸுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, உள்ளங்காலால் பந்தை இழுத்து அவர் கால்களுக்கு நடுவே அனுப்பினீர்கள். நின்ற இடத்தில் நின்றுகொண்டே ஒருவரைத் தாண்டிப் போவது எப்படி என்று நான் பார்த்தது அன்றுதான்.

உங்களை மாற்ற முயலாதவர்கள் ஜெயித்தார்கள். பொகா பயிற்சியாளர் பியாஞ்சி 2000, 2001 என்று அடுத்தடுத்து லிபர்டடோரஸ் வென்றார். 2007-ல் லோனில் பொகாவுக்குத் திரும்பி வந்தீர்கள். பிரேசிலின் கிரேமியோவுடனான லிபர்டடோரஸ் இறுதியில் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 5-0, அதில் மூன்று கோல் உங்களுடையது. அடுத்த வருடம் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம். ஓய்வுக்கு முந்தைய கடைசிச் சில மாதங்களில்கூட, நீங்கள் சிறுவனாக ஆடிய அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்குப் போய், அவர்களை முதல் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டுத்தான் விடைபெற்றீர்கள்.

2001-ல் ரிவருக்கு எதிராகக் கோல் போட்டதும் கைகளைக் காதருகே குவித்து நிர்வாகிகளின் மாடத்தைப் பார்த்து நின்றீர்கள். அன்று கிளப் தலைவர் மாக்ரி. 2023 டிசம்பர் தேர்தலில் அவர் தரப்பைத் தோற்கடித்து நீங்களே தலைவரானீர்கள். எனவே என் வேண்டுகோளும் தலைவரிடம்தான். முன்கள வீரர்களுக்குப் பின்னால் நின்று ஆட்டத்தையே நடத்தும் அந்த 10-ம் எண் ஆட்டக்காரர் இப்போது எங்கேயும் அரிதாகிவிட்டார். எல்லாரையும் ஓடச் சொல்கிறார்கள், துரத்தச் சொல்கிறார்கள். பொகாவின் சிறுவர் அணிகளில் அப்படி ஒரு பையன் நிச்சயம் இருப்பான். தயவுசெய்து அவனை ஓரத்துக்குத் தள்ள விடாதீர்கள். 72-வது நிமிடத்தில் வெளியே எடுக்கவும் விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்