வண்டியை விற்பதற்கு முன்னால்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வான் ரீனன் கணவாயில் அந்த லாரி இடித்த இடிக்கு நீயும் மருமகளும் நடந்து வெளியே வந்ததே பெரிய விஷயம். அம்மா மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போய் உங்கள் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பிரசாதம் ஜோகன்னஸ்பர்க் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பழுது பார்த்தால் கட்டாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். வங்கிக் கடன் அடைந்துவிட்டது. உடைந்த வண்டிக்கு ஒரு விலை போட்டு, அதைக் கழித்துக்கொண்டு வண்டியை உன்னிடமே விட்டிருக்கிறார்கள். அதை விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக விற்கலாம். ஆனால் அதற்கு என்ன நடந்தது என்பது வாங்குகிறவருக்கு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பதிவுப் பத்திரத்தில் வண்டியின் நிலையைக் காட்டும் குறியீடு (கோட் என்பார்கள்) இன்னும் கோடு 2 என்றுதான் இருக்கிறது, அதனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று உன் நண்பன் சொன்னானாம். அந்தப் பேச்சைக் கேட்காதே. கோடு 2 என்றால் பழைய வண்டி, அவ்வளவுதான். திருத்திக் கட்டிய வண்டிக்குக் கோடு 3. உதிரிபாகத்துக்கு மட்டும் என்றால் 3ஏ. நொறுக்கிப் போட்டதற்கு 4. இன்சூரன்ஸ் கைவிட்ட வண்டிகள் கோடு 2 என்ற பெயரிலேயே ஏலத்துக்குப் போய், பெயிண்ட் அடித்து, ஒன்றும் தெரியாத குடும்பங்களிடம் வந்து சேர்வதை இங்கே பேனல் பீட்டர்கள், அதாவது அடிபட்ட வண்டியின் உடலைத் திருத்தும் என்னைப் போன்றவர்கள், வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்போது வின் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை, போட்டு, அது இன்சூரன்ஸ் கைவிட்ட வண்டியா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கும் வசதியைத் தென்னாப்பிரிக்க இன்சூரன்ஸ் சங்கமே திறந்துவிட்டிருக்கிறது. மறைத்தாலும் தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும் மறைக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படத்திலேயே எனக்குத் தெரிகிறது. இடதுபக்க முன் ரயில், அதாவது வண்டியின் முன்பகுதியைத் தாங்கும் நீளமான இரும்புச் சட்டம், மடங்கியிருக்கிறது. அது மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு மடங்குவதற்காகவே செய்தது. உங்களைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. அதைச் சூடு பண்ணி இழுத்து நேராக்கினால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் இப்போதைய வண்டிகளில் இருக்கும் உறுதியான ஸ்டீல் சூட்டில் தன் வலுவை இழந்துவிடும். அடுத்த மோதலில் அது எப்படி மடங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஏர்பேக் இரண்டும் வெடித்திருக்கின்றன, சீட் பெல்ட்டும் இழுத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது. அத்தனையும் புதிதாகப் போட வேண்டும். செலவுக்குப் பயந்து சிலர் ஏர்பேக்குக்குப் பதிலாக ரெசிஸ்டர் என்ற ஒரு சின்ன மின்பாகத்தை ஒயரில் மாட்டி, டாஷ்போர்டு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஸ்டியரிங் மூடிக்குள்ளே ஒன்றுமே இருக்காது. ஜேக்கப்ஸ் பட்டறையில் அப்படிப்பட்ட வண்டிகளை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பின்சீட்டில் குழந்தை இருக்கை மாட்டிய வண்டி ஒன்றும் அதில் உண்டு. அன்று வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே டர்பனில் புரோஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்தபோது, ஆயிரக்கணக்கான புத்தம்புது வண்டிகளை விற்காமல் அழித்தார்கள். ஒயரிங்கில் தண்ணீர் போன வண்டியை நம்பி ஒருவரிடம் கொடுக்க முடியாது என்பதுதான் காரணம்.

ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிறபடியே விற்கிறேன், என்று எழுதிவிட்டால் பொறுப்பு விட்டது என்று நினைக்காதே. கடைக்காரர் அல்லாத ஒருவர் தன் சொந்த வண்டியை விற்கும்போது நுகர்வோர் சட்டம் பொதுவாக வராது, ஃபூட்ஸ்டூட்ஸ் செல்லும், உண்மைதான். ஆனால் குறை தெரிந்தும் ஏமாற்றுவதற்காக மறைத்தவனை அந்த வார்த்தை காப்பாற்றாது. இன்சூரன்ஸ் கடிதம் உன் கையில் இருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வாய்?

இப்போது ஆட்கள். ரொக்கம் தருகிறேன், வண்டி கூட அவசரமில்லை, பேப்பரும் நம்பர் தகடும் முதலில் கொடு என்று ஒருவன் கேட்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அவனுக்கு இனி பதிலே போடாதே. உன் வண்டியின் வின் நம்பர் திருட்டு வண்டி ஒன்றில் ஏறும். அதே மாடல், அதே நிறம். நாளைக்குப் போலீஸ் உன் வாசலில் நிற்கும். உடைந்த வண்டிக்கு நியாயத்துக்கு மேல் விலை சொல்கிறவனைக் கண்டால் பயப்பட வேண்டும், தம்பி.

வண்டியைக் கேட்கும் அந்த ஆசிரியர் பையன் தானே சரிபண்ணி ஓட்டப்போவதாகச் சொல்கிறானே, அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவனிடம் பணம் குறைவு, எங்கே மிச்சம் பிடிப்பான் என்று எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் பாகம் பிரிக்கும் யார்டுக்கே கொடு. கொஞ்சம் குறைவாகத்தான் தருவார்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்கதவும் நன்றாக இருக்கின்றன, அதைச் சொல்லிப் பேரம் பேசு. பழைய பொருள் வியாபாரத்துக்குப் போலீசில் பதிவு செய்த சான்றிதழை முதலில் காட்டச் சொல். 2009 சட்டப்படி அது அவர்களிடம் இருக்க வேண்டும், உன் அடையாள அட்டை விவரத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் வண்டியைப் பதிவிலிருந்தே நீக்கிவிடு. பிறகு அந்த வின் நம்பர் எந்தத் திருடனுக்கும் உதவாது.

இல்லை, அந்தப் பையனுக்குத்தான் கொடுப்பேன் என்றால், ரயில், ஏர்பேக், பெல்ட் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இன்சூரன்ஸ் கடிதத்தின் நகலைச் சேர்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இந்தப் படங்களையும் கொடு. ரோட்வர்த்தி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், இல்லாமல் அவனால் கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க் எடுக்க முடியாது, அதையும் சொல். பத்திரத்தில் டைட்டில் ஹோல்டராக, அதாவது சட்டப்படி உரிமை உள்ளவராக, இன்னும் வங்கி பெயர் இருக்கிறதா என்று பார். இருந்தால் முதலில் மாற்று. பணம் உன் கணக்கில் வந்து நின்ற பிறகுதான் சாவி. போனில் காட்டும் ரசீதை நம்பாதே. உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை நீயே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வை. அவன் பதிவு செய்வான் என்று விட்டால் அபராதமும் வருஷ லைசென்ஸ் பணமும் உன் பெயரிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

யாருக்கு என்று முடிவு செய்ததும் போன் பண்ணு. தாளை எழுதினால் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு அனுப்பு, விட்டுப்போனதை நான் சேர்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா
சாட்ஸ்வொர்த்