மனநலம் பாதிக்கப்பட்டோர் குடும்பங்களின் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பிள்ளைகளை வீட்டில் யார் பொறுப்பிலோ விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உலக மனச்சிதைவு நோய் நாள், அக்டோபர் 10 உலக மனநல நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள் ஆகியவை வழக்கம்போல் கடைப்பிடிக்கப்பட்டன. மாதக் கூட்டங்கள் நடந்தன. பொங்கலுக்குப் புடவை, வேட்டி வழங்கப்பட்டது.

இந்த ஆண்டு சங்கத்தின் முழு உழைப்பும் ஊனச் சான்றிதழ் வேலைக்கே போனது. "பகல்நேரப் பராமரிப்பு மையம் என்னாச்சு? சுற்றுலா என்னாச்சு?" என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. மையம் தேவைதான். ஆனால் நம் உறுப்பினர்களில் பலருக்கு நோய் வந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியும் கையில் சான்றிதழ் இல்லை. மனநோயும் ஊனம்தான் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளிலும் அது இருக்கிறது. இருந்தும் கண்ணுக்குத் தெரியும் ஊனத்துக்குத்தான் அட்டை கிடைக்கும் என்று நம் வீடுகளிலேயே நினைக்கிறார்கள். இதைச் சரிசெய்யாமல் வேறு எதைத் தொடங்குவது?

சான்றிதழில் எழுதப்படும் ஊனச் சதவீதம் எப்படி வருகிறது என்பது தெரியாமல் மருத்துவமனைக்குப் போவதுதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்கக் காரணம். மனநோயால் வரும் ஊனத்தை அளக்க 'ஐடியாஸ்' என்ற அளவுகோல். தன்னைத் தானே பராமரித்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், சிரமம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். அதோடு நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு: 2 ஆண்டுக்குள் என்றால் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, அதற்கு மேல் 4. எல்லாம் கூட்டி 20க்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். 7 வந்தால் 40 சதவீதத்தைத் தொடும். 6 என்றால் தொடாது. பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் அந்த 40தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். நான்கு தலைப்பிலும் தலா 1 வாங்கிய ஒருவருக்கு மொத்தம் 4. நோய் தொடங்கி எட்டு ஆண்டு ஆனதற்குச் சீட்டு இருந்தால் 3 சேர்ந்து 7. பழைய சீட்டையெல்லாம் எறிந்துவிட்டு, நான்கு ஆண்டுச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் 2 சேர்ந்து 6. ஆள் அதேதான், நோயும் அதேதான். சான்றிதழ் மட்டும் பயன்படாமல் போகிறது. முதல் ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது எதையும் எறியாதீர்கள் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துவது இதற்காகத்தான். தனியார் கிளினிக்கில் பார்ப்பவர்களின் சீட்டில் மாத்திரைப் பெயர் மட்டும் இருக்கும், நோயின் பெயர் இருக்காது. என்ன நோய், எப்போதிருந்து சிகிச்சை என்று லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மருத்துவர் அறையில் நாம் பேசுவது. சான்றிதழுக்குப் போகும் நாளில் பிள்ளையைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி அழைத்துப் போகிறோம். "தானாகக் குளிக்கிறாரா?" என்று மருத்துவர் கேட்டதும் "குளிப்பாருங்க சார்" என்று அம்மா சொல்லிவிடுகிறார். வெந்நீர் போட்டு, துண்டைக் கையில் கொடுத்து, கதவுக்கு வெளியே நின்று "சோப்புப் போடுப்பா, தலைக்கு ஊத்துப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதும், சொல்லாவிட்டால் நான்கு நாளானாலும் குளிக்க மாட்டார் என்பதும் அந்தப் பதிலில் இல்லை. மதிப்பெண் போடுபவர் கேட்டதைத்தான் எழுத முடியும். பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச அம்மாக்களுக்கு மனம் வராது, அது புரிகிறது. பொய்யும் சொல்லச் சொல்லவில்லை, மிகைப்படுத்தினால் நல்ல மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். எது சொல்லாமல் நடக்கிறது, எதற்குத் துணை வேண்டும், எது அறவே நடப்பதில்லை என்று நான்கு தலைப்பிலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வேலை என்றால் கடைசியாக எங்கே போனார், எத்தனை நாளில் நின்றார், ஏன் நின்றார் என்பதையும் எழுதுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வீட்டு வேலையே வேலை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவதும் அதில் சேரும்.

சனிக்கிழமைதோறும் சங்க அலுவலகத்தில் இந்தக் கோப்புகளைத் தயார்செய்தோம். விண்ணப்பம் இப்போது யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளம் வழியாக மட்டுமே. ஊனத்தின் வகை கேட்கும் இடத்தில் 'மனநோய்' என்பதற்குப் பதில் 'அறிவுசார் குறைபாடு' என்று இ-சேவை மையத்தில் அமுக்கிவிடுகிறார்கள். கோப்பு வேறு பிரிவுக்குப் போய் நுண்ணறிவுச் சோதனையில் நிற்கிறது. கைபேசி எண் பராமரிப்பவருடையதாக, அடிக்கடி மாறாததாக இருக்கட்டும். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் மருத்துவச் சீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும்.

சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானதாக வருகிறது. 'இத்தேதி வரை செல்லும்' என்ற வரியைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தேதி முடிந்தபின் உதவித்தொகை நின்று, அதற்கப்புறம் அலைவதைவிட முன்னதாகவே புதுப்பிக்கக் கொடுப்பது நல்லது. சதவீதம் குறைந்து வந்தால் மனம் உடைய வேண்டாம், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

இனி, பணம். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் ₹1,500. 18 வயதும் 40 சதவீதமும் வேண்டும், வறுமை நிலைக்கான நிபந்தனையும் உண்டு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் ஆணை வழங்குவார். விசாரணைக்கு வரும் நாளில் வீட்டில் பேசத் தெரிந்த ஒருவர் இருங்கள். வீடு பூட்டியிருந்ததால் தள்ளுபடியான மனுக்கள் நம்மிடமே இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் ₹2,000 பராமரிப்பு உதவித்தொகை அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு போன்ற குறிப்பிட்ட பிரிவுகளுக்கானது. மனநோய் என்ற சான்றோடு அங்கே போய்த் திரும்பி வந்து, "சங்கம் ஏமாற்றிவிட்டது" என்று பேசுவது நியாயமில்லை.

வருமான வரி கட்டும் குடும்பத்தினர் பழைய வரி முறையில் இருந்தால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில் 40 சதவீதத்துக்கு ₹75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ₹1,25,000 கழிவு பெறலாம். அரசு ஓய்வூதியர்கள் இதைக் கவனியுங்கள்: சம்பாதித்துப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. அதற்குச் சதவீதச் சான்று மட்டும் போதாது. பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாதவர் என்று சான்றில் இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரைக் குடும்ப விவரத்தில் நீங்கள் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் உள்ளூர் குழு தரும் பாதுகாவலர் சான்று மனநோய்க்குப் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சொல்ல வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த மறுமாதமே கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் பல. தொலைபேசியையும் எடுப்பதில்லை. மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் சங்கத்தோடு சேர்ந்து காணப்பட வேண்டாம் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சந்தாவைத் தபாலிலோ ஜி-பேயிலோ அனுப்பினால் யாரும் பார்க்கப்போவதில்லையே? பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி. சனிக்கிழமை வேலைக்கு வருவதாகக் கையெழுத்துப் போட்டவர்களில் கடைசிவரை வந்தவர்கள் சிலரே. மற்ற நாளெல்லாம் வயதான இரண்டு பெற்றோர்தான் ஜெராக்ஸ் கட்டைச் சுமந்துகொண்டு மருத்துவமனைப் படி ஏறினார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சந்தாவும் சில நன்கொடைகளும் வரவு. வாடகை, ஜெராக்ஸ், இ-சேவைக் கட்டணம், ஆட்டோ ஆகியவை முக்கியச் செலவு. கையிருப்பு சொற்பம். ஆட்டோச் செலவு கூடியது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று: பேருந்தில் ஏற மறுக்கும் ஒருவரை வேறு எப்படிக் கொண்டுபோவது?

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள், மாவட்ட மனநலத் திட்டச் சமூகப் பணியாளர்கள், இடம் தந்த பள்ளி நிர்வாகம், தணிக்கையாளர், தேநீர் வழங்கிய அன்பர் அனைவருக்கும் நன்றி.

முதல் சுற்றில் வாங்கிய தற்காலிகச் சான்றுகள் பல வரும் ஆண்டில் காலாவதியாகின்றன. புதிய விண்ணப்பங்களும் காத்திருக்கின்றன. இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். தொடர்ந்தாலும் தனியாக முடியாது. சான்றிதழ் பெற்ற ஒவ்வொரு குடும்பமும் இன்னொரு குடும்பத்தோடு ஒரே ஒருமுறை மருத்துவமனைக்குத் துணை போனால் போதும், வரிசை குறைந்துவிடும். அதற்கான நோட்டு மேசைமேல் இருக்கிறது. பெயரும், வர முடிந்த கிழமையும் எழுதிவிட்டுப் போங்கள். பாக்கிச் சந்தாவைப் பொருளாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
செயலாளர்