பசங்க எழுதறத படிக்க ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காசிமேடு பக்கம் ஒரு ஸ்கூல்ல ஏழாம் வகுப்புக்கு தமிழ் எடுக்கறேன். இப்ப இருக்கற பசங்களுக்கு எழுதவும் வரல படிக்கவும் வரல, எல்லாம் செல்போனாலதான்னு உங்க பேப்பர்ல அடிக்கடி லெட்டர் வருது. எனக்கென்னவோ அது பாதிதான் சரின்னு தோணுது. நாம எழுத சொல்றதே 'நூலகத்தின் பயன்கள்', 'என் பொழுதுபோக்கு' மாதிரி கட்டுரைதான், அத கைடுல பாத்து எழுதறாங்க, நாங்களும் 42 நோட்ட அடுக்கி வச்சு டிக் போட்டு கையெழுத்து போட்டு குடுத்துடறோம், யாரும் வரி வரியா படிக்கல, அது பசங்களுக்கும் நல்லா தெரியும். அப்புறம் எந்த பிள்ளை மெனக்கெட்டு எழுதும்?

போன ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வாங்கினேன். தினம் ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டு போகணும், வீட்ல தெருவுல நடந்தத எழுதணும், மறுநாள் கிளாஸ்ல அவங்களே வாசிக்கணும், அடுத்து நோட்டு யார் கைக்கு போகுதோ அவங்க கீழ ஒரு கேள்வியாவது எழுதணும். சிவப்பு பேனாவ அதுல வைக்கவே மாட்டேன்னு சொல்லிட்டேன். மொத வாரம் பூரா 'காலையில் எழுந்தேன் பல் துலக்கினேன்'தான்.

அப்புறம் ஒரு பையன், அவங்கப்பா லாஞ்சுல மீன் புடிக்க போறவரு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் இல்லையா, அப்ப அப்பா வீட்ல இருந்தத வச்சு நாலே வரி எழுதியிருந்தான். 'அப்பா வளை தைக்கும்போது கால் கட்டவிரல்ல மாட்டி இழுத்து புடிச்சிக்குவாரு. அப்ப பேசனா கோவம் வரும்.' கீழ ஒரு பொண்ணு, 'ஏன் கோவம் வரும்? கண்ணி எண்ணிட்டு இருப்பாரா?'ன்னு கேட்டுட்டா. கண்ணின்னா வலையில இருக்கற ஓட்டை. அவன் அப்பாகிட்ட போய் கேட்டு ஊசி, நூலு, எந்த மீனுக்கு எவ்ளோ பெரிய கண்ணின்னு ஒன்றரை பக்கம் எழுதிட்டு வந்தான். பரீட்சைல அஞ்சு வரி தாண்டாத பையன் சார் அவன். வாசிக்கறப்ப திக்கினான்தான், ஆனா கிளாஸே சத்தமில்லாம கேட்டுச்சு. அந்த 'வளை'ய மறுநாள் பேர் சொல்லாம போர்டுல எழுதி, வலைன்னா மீன் புடிக்கறது, வளைன்னா நண்டு இருக்கறதுன்னு சொன்னேன், அதுக்கப்புறம் அந்த தப்பு ரொம்ப கொறஞ்சிடுச்சு.

எண்ணூர்ல மாமா வீடு இருக்கற ஒரு பொண்ணு, 2023 மிக்ஜாம் புயலப்ப கழிமுகத்துல எண்ணெய் பரவி மாமா படகெல்லாம் கருப்பா ஒட்டிக்கிட்டத எழுதினா. அது பேப்பர்ல வந்துச்சா மிஸ்னு கேட்டாங்க. பழைய பேப்பர தேடி எடுத்துட்டு போனேன், ரெண்டு பீரியடு அதையே மாத்தி மாத்தி படிச்சாங்க, நான் படிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல.

அரசாங்கமும் 2022ல இருந்து ஊஞ்சல், தேன்சிட்டுன்னு பசங்களுக்கே பத்திரிகை போடுது, வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா குட்டி புக்கும் வருது, மனசார சந்தோஷம். ஆனா எங்க தெரு, எங்க மீன் ஏலம், எங்க கடல பசங்க எழுதி அத இங்க இருக்கறவங்களே படிக்கணும்னா உங்கள மாதிரி பேப்பர்தான் எடம் குடுக்கணும். வாரத்துக்கு ஒரு நாள் கால் பக்கம் குடுங்க. எழுத்துப்பிழைய மட்டும் திருத்துங்க, அவங்க பேச்ச மாத்தாதீங்க.

இப்ப மூணாவது நோட்டு ஓடுது. சரின்னு சொன்னீங்கன்னா பசங்களையும் பெத்தவங்களையும் கேட்டுட்டு பத்து பக்கம் ஜெராக்ஸ் எடுத்து நானே ஆபீஸ்ல கொண்டாந்து குடுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் டீச்சர், காசிமேடு, வடசென்னை