நடுவில் அரசு எதற்கு என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆட்டிசம் போன்ற குறைபாடுள்ள பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்து, பயிற்சி கொடுத்து மாற்றும் நடத்தைப் பகுப்பாய்வுத் தொழிலுக்கு (செய்பவர் பிஹேவியர் அனலிஸ்ட்) அரசு உரிமம் வேண்டுமா என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். "நல்ல தெரபிஸ்ட் யார் என்று பெற்றோருக்கே தெரியும், நடுவில் அரசு எதற்கு?" என்று அதில் ஒரு வரி. அதைப் பெட்டி கட்டி, பெரிய எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். வருத்தமாக இருந்தது.

என் மகனுக்கு ஆட்டிசம், பேச்சு கிடையாது. மூடிய அறைக்குள் என்ன நடந்தது என்று வெளியே வந்து சொல்ல அவனால் முடியாது. அப்புறம் பெற்றோருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் முதலில் போன இடத்தில் பிஹேவியர் அனலிஸ்ட் என்று பலகை இருந்தது, சுவரில் சான்றிதழும் இருந்தது. நாங்கள் உள்ளே உட்காரக் கூடாது, கவனம் சிதறுமாம். ஒவ்வொரு அமர்விலும் குறித்து வைக்க வேண்டிய பதிவுத் தாள்களைக் கேட்டால், எல்லாம் என் மனதில் இருக்கிறது என்பார் அந்த அனலிஸ்ட். தண்ணீர் வேண்டும் என்று பிள்ளை கையைக் காட்டினாலும், உடனே கொடுத்தால் பிடிவாதம் வளரும் என்று காக்க வைத்திருக்கிறார். இதுகூட அங்கே வேலை பார்த்த ஒரு பெண் மனசு கேட்காமல் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மணிக்கட்டில் இருந்த சிவப்புத் தடத்துக்கு, அவனே கடித்துக்கொண்டான் என்று பதில்.

சரி, புகார் கொடுக்கலாம் என்று கிளம்பினால் எங்கே போவது? காவல் நிலையத்தில் காயம் எங்கே என்று கேட்டார்கள். மருத்துவர்களை விசாரிக்கும் அமைப்பில், அவர் மருத்துவரே இல்லையே என்றார்கள். அந்தச் சான்றிதழோ 40 மணி நேரப் பயிற்சிக்கானது. தகுதி பெற்ற அனலிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையில் உதவியாளராக வேலை செய்பவருக்கான தொடக்கப் பயிற்சி அது. அமெரிக்காவின் பிஏசிபி என்ற சான்றளிப்பு வாரியத்தில் அனலிஸ்ட் ஆக முதுநிலைப் பட்டம் வேண்டும், 1,500 முதல் 2,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும், அதன் பிறகு தேர்வும் எழுத வேண்டும். இந்த வித்தியாசம் ஒரு பலகையைப் பார்த்தால் தெரியுமா?

அந்த வாரியமே போதும் என்கிறார் உங்கள் கட்டுரையாளர். 1998-ல் தொடங்கிய அது தனியார் அமைப்பு. தவறு செய்தவரின் சான்றிதழைப் பறிக்க அதனால் முடியும், ஆனால் உரிமச் சட்டம் இல்லாத இடத்தில் அவர் மறுநாளே வேறு பெயரில் சென்டர் திறந்தால் தடுக்க முடியாது. எங்களை ஏமாற்றியவர் அதில் பதிவு செய்தவரே இல்லை, அப்படியிருக்க அவரை அவர்கள் என்ன செய்துவிட முடியும்? போதாததற்கு, 2023 முதல் ஒரு சில நாடுகள் தவிர மற்ற நாடுகளிலிருந்து புது விண்ணப்பங்கள் வாங்குவதையும் அந்த வாரியம் நிறுத்திவிட்டது. மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

உரிமம் என்பது அதிகாரிகள் பணம் பறிக்கக் கண்டுபிடித்தது என்கிற தொனிதான் என்னை மிகவும் புண்படுத்தியது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மியாமியில் சன்லாண்ட் என்று அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான இல்லம் ஒன்று இருந்தது. நடத்தையை மாற்றுகிறோம் என்ற பெயரில் அங்கே இருந்தவர்களை மரத்துடுப்பால் அடித்தார்கள், வாயைச் சோப்பு போட்டுக் கழுவினார்கள், நெடுநேரம் கட்டிப் போட்டார்கள். 1972-ல் விசாரணையில் இதெல்லாம் வெளியே வந்தது. இத்தனைக்கும் அது அரசே நடத்திய இல்லம். ஆனால் இந்த வேலையைச் செய்பவருக்கு என்ன தகுதி வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அப்போது யாரும் வகுத்து வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் புளோரிடாவில் நெறிமுறைகள் வந்தன, 1983-ல் இந்த வேலை செய்பவர்களுக்குத் தேர்வு வந்தது, அதன் தொடர்ச்சியாகவே மேலே சொன்ன வாரியமும் வந்தது. 2009-ல் நெவாடா, ஓக்லஹோமா என்ற அமெரிக்க மாநிலங்களும் உரிமச் சட்டம் இயற்றின. கனடாவின் ஒன்டாரியோவில் 2024 ஜூலை 1 முதல், உளவியலாளர்களைக் கண்காணிக்கும் அமைப்பே பிஹேவியர் அனலிஸ்ட்களையும் பதிவு செய்து கண்காணிக்கிறது. உங்கள் கட்டுரையில் இதில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? உங்களுக்குத் தெரியாத விஷயமா இது?

இந்தத் தெரபியே வேண்டாம் என்று சொல்லும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களும் இருக்கிறார்கள். சிறுவயதில் தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள், அதைக் கேட்கத்தான் வேண்டும். அவர்கள் சொல்லும் கொடுமைகளை விசாரிக்கவும் அதிகாரம் உள்ள ஒரு வாரியம் வேண்டுமே.

உரிமம் கொடுக்கும் வாரியங்கள் மெத்தனம், புகாரை இழுத்தடிக்கிறார்கள் என்ற குறை உண்மைதான். ஆனால் விசாரிக்கப் போதிய ஆள் கொடுக்காமல், பணம் கொடுக்காமல், மெத்தனம் என்று சொல்லி மூடிவிடச் சொல்வது எந்த நியாயம்? ஆள் கொடுங்கள், திடீரென்று போய்ச் சோதனையிடும் அதிகாரம் கொடுங்கள் என்று எழுதியிருக்கலாம். இப்போது என் மகன் போவது உரிமச் சட்டம் உள்ள ஊரில், அங்கே அனலிஸ்ட் உரிமம் பெற்றவர். நாங்கள் எந்த நேரமும் உள்ளே போய் உட்காரலாம், தாள்களை அவரே எடுத்துக் காட்டுகிறார், புதிதாக எதையும் தொடங்கும் முன் எங்களிடம் கையெழுத்து வாங்குகிறார். அவர் நல்ல மனிதர் என்பதால் மட்டும் இல்லை, இதையெல்லாம் செய்யாவிட்டால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில மாதங்களில் பிள்ளையைப் பேச வைக்கிறேன் என்றவரின் பேட்டியை முன்பு நீங்கள் வெளியிட்டபோதே எழுதினேன். பாதியை வெட்டி, 'ஒரு வாசகி வருத்தம்' என்று ஓரத்தில் இரண்டு வரி போட்டீர்கள். அந்தப் பேட்டியை நம்பி எத்தனை வீடுகளில் பணம் கட்டினார்களோ.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இனி உங்கள் இதழில், விளம்பரத்திலும் சேர்த்துத்தான், ஒருவரை பிஹேவியர் அனலிஸ்ட் என்று போடும் முன் எந்த அரசு அமைப்பில் பதிவு செய்திருக்கிறார் என்று கேட்டு அந்த எண்ணையும் போடுங்கள். பதிவு இல்லையென்றால் இல்லை என்று போடுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், சன்லாண்ட் பற்றிய பகுதியை வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்
(பெயர் வெளியிட வேண்டாம்)